உங்கள் கணக்கிலிருந்து பிறருக்கு ஸ்பாம் போகிறதா? கணக்கை மீட்கும் முறையும் வரிசையும்

"நீ அனுப்பிய லிங்க் திறக்கவில்லையே" என்றோ, "அவசரமாகப் பணம் கேட்டிருந்தாயே, என்ன ஆயிற்று?" என்றோ யாராவது அழைத்துக் கேட்கும்போதுதான் பெரும்பாலானோருக்கு வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளில் உள்ள தம் கணக்கு வேறொருவர் கையில் இருப்பது தெரியவருகிறது. அந்த நேரத்துப் பதற்றத்தில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, நினைவுக்கு வரும் கடவுச்சொற்களையெல்லாம் மாற்றுவது, எல்லோருக்கும் எச்சரிக்கைச் செய்தி அனுப்புவது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடத் தோன்றும். முதலாவது சில வேளைகளில் நிலைமையை மோசமாக்கிவிடும். மற்ற இரண்டும் தேவையானவையே என்றாலும், வரிசை மாறினால் பலன் தராது. ஊடுருவியவர் எந்த வழியாக நுழைந்தாரோ, அந்த வழியை அடைத்தால்தான் அவர் வெளியேறுவார். அது எந்த வழி என்று கண்டுபிடிப்பதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தால், பின்னால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

செய்தி உங்கள் கணக்கிலிருந்துதான் போகிறதா?

முதலில் அழைத்தவரிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். செய்தி வந்த உரையாடலின் மேற்பகுதியில் உள்ள பெயரைத் தொட்டால் எண்ணோ பயனர் பெயரோ தெரியும். அதையும் சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு வேறொரு எண்ணில் புதிய கணக்கைத் தொடங்கி, "இதுதான் என் புதிய எண்" என்று ஏமாற்றுவது மிகவும் பரவலான மோசடி. அப்படியானால் உங்கள் கணக்கு பறிபோகவில்லை. மீட்பதற்கும் எதுவும் இல்லை. அந்தப் போலிக் கணக்கைப் பற்றி உங்கள் நண்பர்கள் பலரும் செயலிக்குள்ளேயே புகார் செய்வதும், உங்கள் சுயவிவரப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுவதும் போதுமானவை.

உங்கள் எண்ணிலிருந்தே செய்தி போயிருந்தால், அடுத்து உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் உங்களை வெளியேற்றிவிட்டு, இந்த எண் வேறொரு கைப்பேசியில் பதிவாகியிருப்பதாகச் சொல்கிறது என்றால், உங்கள் எண்ணுக்கு வந்த ஓடிபியை யாரோ பெற்றுவிட்டார்கள் என்று பொருள். செயலி வழக்கம்போலவே இயங்குகிறது, ஆனால் நீங்கள் எழுதாத செய்திகள் உங்கள் உரையாடல்களில் இருக்கின்றன என்றால், யாரோ ஒருவருடைய கணினி உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அனுப்பிய செய்தியை உங்கள் கண்ணில் படாமல் அழித்துவிடவோ, அந்த உரையாடலை ஆர்க்கைவ் பகுதிக்குள் தள்ளிவிடவோ அவரால் முடியும் என்பதால், முகப்பில் ஒன்றும் தென்படவில்லை என்று நிம்மதி அடைந்துவிடாமல் ஆர்க்கைவையும் திறந்து பார்ப்பது நல்லது. கைப்பேசியில் சிக்னலே இல்லை, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை என்றால், உங்கள் எண்ணையே வேறொரு சிம்முக்கு மாற்றியிருக்கக்கூடும். அந்த நிலையில் வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், இன்னொரு தொலைபேசியிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்ல வேண்டும். எண் உங்கள் கைக்குத் திரும்பும்வரை கீழே சொல்லப்படும் எதுவும் நிலைக்காது.

வாட்ஸ்அப் எண் பறிபோயிருந்தால்

ஓர் எண்ணை ஒரு நேரத்தில் ஒரு முதன்மைக் கைப்பேசியில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்பது வாட்ஸ்அப்பின் அடிப்படை விதி. உங்களை வெளியேற்ற அவருக்கு உதவிய அதே விதி, அவரை வெளியேற்ற உங்களுக்கும் உதவும். செயலியைத் திறந்து, உங்கள் எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ் வழியாக வரும் 6 இலக்க எண்ணை உள்ளிடுங்கள். அதை உள்ளிட்ட அந்தக் கணமே மற்றவர் வெளியேற்றப்படுவார்.

இங்கே இரண்டு தடைகள் வரலாம். ஊடுருவியவர் பலமுறை ஓடிபி கேட்டிருந்தாலோ தவறான எண்களை உள்ளிட்டிருந்தாலோ, இத்தனை மணி நேரம் கழித்து முயலுங்கள் என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். திரும்பத் திரும்ப முயன்றால் காத்திருப்பு கூடுமே தவிரக் குறையாது. கைப்பேசியை வைத்துவிட்டு நேரம் முடியும்வரை பொறுத்திருப்பதே வழி. மற்றொன்று, 6 இலக்க எண் சரியாக ஏற்கப்பட்ட பிறகு, நீங்கள் ஒருபோதும் வைத்திராத ஒரு பின் எண்ணைச் செயலி கேட்பது. கணக்கு கையில் இருந்த நேரத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பை அவர் போட்டுவிட்டார் என்பதே அதன் பொருள். அந்தப் பின் இல்லாமல் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். இந்தத் திரையைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 7 நாளும் கணக்கு அவரிடமும் இருக்காது. நீங்கள் எஸ்எம்எஸ் எண்ணை உள்ளிட்டபோதே அவர் வெளியே போய்விட்டார். ஸ்பாம் நின்றுவிட்டது என்ற அளவில் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.

ஓடிபி அவருக்கு எப்படிப் போனது என்பதையும் யோசித்துப் பாருங்கள். "தவறுதலாக உனக்கு ஒரு எண் வந்திருக்கும், அனுப்பிவிடு" என்று தெரிந்தவர் பெயரில் வந்த செய்திக்குப் பதில் அனுப்பியிருந்தால் காரணம் வெளிப்படை. அந்தத் தெரிந்தவரின் கணக்கும் பறிபோயிருக்கும், அவருக்கும் சொல்லுங்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், அழைப்பைத் திசைதிருப்பும் மோசடி நடந்திருக்கலாம். நட்சத்திரக் குறியில் தொடங்கி 21 அல்லது 67 என்ற எண்ணும், அதன்பின் ஒரு கைப்பேசி எண்ணும் கொண்ட ஏதோ ஒன்றை டயல் செய்யச் சொல்லி யாராவது அழைத்திருந்தார்களா? அதை டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். பிறகு ஓடிபியை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாகக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். *#21#, *#67# ஆகியவற்றைத் தனித்தனியாக டயல் செய்தால் திசைதிருப்பல் இருக்கிறதா என்பது தெரியும். ##002# என்பது எல்லாத் திசைதிருப்பல்களையும் நீக்கும். சில சிம் நிறுவனங்களில் இந்தக் குறியீடுகள் வேலை செய்வதில்லை. அப்போது வாடிக்கையாளர் சேவையை அழைத்து நீக்கச் சொல்ல வேண்டும். வாய்ஸ்மெயில் பயன்படுத்துபவராக இருந்தால் அதன் கடவு எண்ணையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் நீங்கள் எடுக்காத ஓடிபி அழைப்பு அங்கே போய்ப் பதிவாகும்.

இணைக்கப்பட்ட கணினி வழியாக நுழைந்திருந்தால்

என் கருத்தில், இரண்டில் இதுவே ஆபத்து மிகுந்தது. காரணம், உங்கள் கைப்பேசியில் எதுவும் மாறுவதில்லை. வாட்ஸ்அப் ஒரு முதன்மைக் கைப்பேசியோடு 4 சாதனங்கள் வரை இணைக்க அனுமதிக்கிறது. இணைத்த பிறகு உங்கள் கைப்பேசி அணைந்திருந்தாலும் அவை இயங்கும். எண் பறிபோகும்போது பழைய உரையாடல்கள் உங்கள் கைப்பேசியிலேயே தங்கிவிடும், புதியவருக்குக் கிடைக்காது. ஆனால் இணைக்கப்பட்ட கணினிக்கு அண்மைக்கால உரையாடல்களும் சேர்ந்தே போகின்றன. இங்கே இரண்டு படிச் சரிபார்ப்பின் பின்னை மாற்றுவது, வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது வாசலுக்குப் புதுப்பூட்டு போடுவதைப் போன்றது. ஏற்கெனவே இணைந்திருக்கும் சாதனத்தை அது எதுவும் செய்யாது.

வாட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் 'லிங்க்டு டிவைசஸ்', அதாவது இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டாலும் அது வரும். ஒவ்வொரு வரியிலும் எந்த உலாவி அல்லது எந்த இயங்குதளம், கடைசியாக எப்போது இயங்கியது என்ற விவரம் இருக்கும். 'குரோம், விண்டோஸ், இன்று காலை' என்பதுபோல் இருந்து, அது உங்கள் கணினிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். உங்கள் சொந்தக் கணினியை மறுபடி இணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளியேற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் அது பயன்படும்.

அது எப்படி இணைந்தது? ஒன்று, யாரோ காட்டிய க்யூஆர் குறியீட்டை நீங்களே ஸ்கேன் செய்திருப்பீர்கள். அல்லது, ஒரு போட்டியில் உறவுக்காரக் குழந்தைக்கு வாக்களிக்கச் சொல்லியோ, "இந்தப் படத்தில் இருப்பது நீதானே?" என்று கேட்டோ வந்த லிங்க்கைத் திறந்திருப்பீர்கள். அந்தப் பக்கம் முதலில் உங்கள் எண்ணைக் கேட்கும். பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த 8 எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி, அதை வாட்ஸ்அப்பில் உள்ளிடச் சொல்லும். அதே நேரத்தில் உங்கள் கைப்பேசியில் புதிய சாதனத்தை இணைப்பதற்கான அறிவிப்பும் வரும். அந்த அறிவிப்பில் உண்மைதான் எழுதியிருக்கும். ஆனால் வாக்களிக்கும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதில் ஏமாறுவதற்குக் காரணம், இங்கே அவர்கள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை, தாங்களே உள்ளிடுகிறார்கள் என்பதுதான்.

கணினியை வெளியேற்றிய பிறகு, அவர் எதையெல்லாம் படித்திருக்கக்கூடும் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்கு எண், குடும்பத்தாருக்கு அனுப்பிய கடவுச்சொல் போன்றவை உரையாடல்களில் கிடந்தால், அவை வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை மாற்றுவதும், வங்கிக்குத் தெரிவிப்பதும் உசிதம்.

டெலிகிராமில் வெளியேறிவிடாதீர்கள்

டெலிகிராமில் முதன்மைக் கைப்பேசி என்ற ஒன்று கிடையாது. எத்தனை சாதனங்களில் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் நுழைந்திருக்கலாம். எனவே, ஊடுருவியவர் நுழைந்த பிறகும் நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள். இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது: புதிதாக நுழைந்த சாதனத்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பழைய சாதனங்களை வெளியேற்ற முடியாது, பழையதால் புதியதை உடனே வெளியேற்ற முடியும். பதற்றத்தில் நீங்களே லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தால், அல்லது செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால், நீங்கள் புதியவராகிவிடுவீர்கள், அவர் பழையவராகிவிடுவார். கையில் இருந்த துருப்புச்சீட்டை அவரிடமே கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆகவே செயலிக்குள்ளேயே இருந்துகொண்டு, அமைப்புகளில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய், மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றும் பொத்தானைத் தொடுங்கள். பழைய கைப்பேசியோ டேப்லெட்டோ ஒரு மூலையில் கிடந்து, அதில் டெலிகிராம் இன்னும் திறந்த நிலையில் இருந்தால், இந்த வேலையை அதிலிருந்தும் செய்யலாம். அடுத்த நிமிடமே இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்பு மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். ஊடுருவியவர் முந்திக்கொண்டு கடவுச்சொல் வைத்திருந்தால், அதை நீக்கக் கோரிக்கை வைத்து 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் அவர் எந்தச் சாதனம் வழியாகவும் உள்ளே இருக்கவில்லை என்பதை அவ்வப்போது பட்டியலைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிக்னல் என்ற செய்திச் செயலியின் பயனர்களுக்கும் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலே முதலில் பார்க்க வேண்டிய இடம். போலி க்யூஆர் குறியீடுகளைக் கொண்டு சிக்னல் கணக்குகளோடு கணினிகளை இணைத்த தாக்குதல்களைப் பற்றி 2025 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழு விரிவாக எழுதியது. செய்தியை இடைவழியில் பிறர் படிக்க முடியாதபடி காக்கும் மறையாக்கம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், இணைக்கப்பட்ட சாதனத்தின் திரையில் செய்தி வெளிப்படையாகத்தான் தெரியும். பட்டியலைச் சுத்தம் செய்தபின் 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்' என்பதைப் போட்டுவிட்டால், உங்கள் பின் இல்லாமல் அந்த எண்ணை வேறு கைப்பேசியில் பதிவு செய்வது கடினமாகிவிடும்.

கடவுச்சொல்லால் இயங்கும் கணக்குகள்

மெசஞ்சர், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் நிலைமை வேறு. இங்கே கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை என்று தோன்றினாலும், அதற்கு முன்னால் உங்கள் மின்னஞ்சல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றிய கடவுச்சொல்லை மறுபடி மாற்றுவதற்கான லிங்க் அங்கேதான் வரும் என்பதால், மின்னஞ்சல் அவர் கையில் இருந்தால் நீங்கள் செய்யும் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுவதோடு, அதன் அமைப்புகளில் வேறு முகவரிக்கு அஞ்சலைத் தானாக அனுப்பும் ஏற்பாடும், குறிப்பிட்ட அஞ்சல்களை நேரே குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொல் மாற்ற எச்சரிக்கைகள் உங்கள் கண்ணில் படாமல் இருக்க ஊடுருவுபவர்கள் கையாளும் பழைய உத்தி இது.

பிறகு கணக்குக்கு வந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்தி, கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று சரிபாருங்கள். முகவரி மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தை அறிவித்து இன்ஸ்டாகிராம் உங்கள் பழைய முகவரிக்கு ஓர் அஞ்சல் அனுப்பியிருக்கும். அதிலேயே மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழியும் இருக்கும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் கணக்கு பறிபோனவர்களுக்கென்றே மீட்புப் பக்கங்களை வைத்திருக்கின்றன. அவற்றின் உதவிப் பகுதிக்கு நேரே சென்று அவற்றைத் திறக்க வேண்டுமே தவிர, கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் பின்னூட்டம் போடுபவர்களிடம் போகக் கூடாது. பறிகொடுத்தவர்களைத் தேடி இரண்டாவது முறை பறிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

கைப்பேசியே கெட்டிருந்தால்

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தும் மறுநாள் ஸ்பாம் தொடர்ந்தால், கோளாறு கைப்பேசிக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் இது செயலிக்கடைக்கு வெளியிலிருந்து, யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, நிறுவியதால் நேர்வது. அமைப்புகளில் அணுகல்தன்மை, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, சாதன நிர்வாகி ஆகிய மூன்று பகுதிகளையும் திறந்து, அங்கே இருக்கக் காரணமில்லாத செயலி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸைத் திருடும் செயலிகள் பலவும் இந்த அனுமதிகளை வைத்துப் பிழைக்கின்றன. கூடுதல் வசதிகள் தருவதாகச் சொல்லும் மாற்றியமைக்கப்பட்ட வாட்ஸ்அப் வடிவங்களையும் இந்த வகையிலேயே சேர்க்க வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டு கணக்கைப் பாதுகாப்பது நடக்காத காரியம். சந்தேகம் தீரவில்லை என்றால் படங்களையும் தொடர்பு எண்களையும் பிரதி எடுத்துக்கொண்டு கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதே சுருக்கமான வழி. புதிய கடவுச்சொற்களை அதுவரை அந்தக் கைப்பேசியில் தட்டச்சு செய்யாதீர்கள்; வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

தொடர்பில் உள்ளவர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது?

இதை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். மோசடி தெரிந்த உடனே, பலரோடு பேசக்கூடிய இரண்டு மூன்று பேரைக் குரல் வழியாக அழைத்து, என் பெயரில் வரும் எதையும் நம்ப வேண்டாம், மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் பெரிய குழுக்களின் நிர்வாகிகளிடம் உங்கள் எண்ணைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள். பறிபோன கணக்கிலிருந்தே எச்சரிக்கை அனுப்புவதில் அர்த்தமில்லை. அவர் உள்ளே இருக்கும்வரை அதை அழித்துவிடவும், "அது போலிச் செய்தி, உண்மையில் பணம் தேவை" என்று அடுத்த வரி எழுதவும் அவரால் முடியும்.

கணக்கு முழுமையாகக் கைக்கு வந்த பிறகுதான் எல்லோருக்குமான செய்தி. அதில் லிங்க் எதுவும் இருக்கக் கூடாது, நீண்ட மன்னிப்பும் வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்: "நேற்று மாலையிலிருந்து இன்று காலை வரை என் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது. அந்த நேரத்தில் என்னிடமிருந்து வந்த லிங்க்கைத் திறக்க வேண்டாம். திறந்து எண்ணையோ குறியீட்டையோ கொடுத்திருந்தால், உடனே இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் என்னை அழையுங்கள்." எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதைச் சொல்வது முக்கியம், அது இல்லாவிட்டால் நீங்கள் முன்பு அனுப்பிய உண்மையான செய்திகள்மீதும் சந்தேகம் வரும்.

அனுப்பப்பட்ட ஸ்பாமை எல்லோருக்கும் அழிக்க வாட்ஸ்அப்பில் ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் உண்டு. குழுவில் போனதை நிர்வாகியாலும் அழிக்க முடியும். ஆனால் அழிப்பதற்கு முன்னால், செய்தியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால், அவர் தன் வங்கியை அந்த மணி நேரத்திலேயே அழைப்பதுதான் பணம் திரும்புவதற்கு இருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு. காவல்துறையில் புகார் கொடுக்கும்போதும் இந்த ஸ்கிரீன்ஷாட்கள்தான் உங்கள் பக்கத்தைப் பேசும். பலர் புகார் செய்ததால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணைத் தடை செய்திருந்தால், அந்தத் திரையிலேயே மறுபரிசீலனை கோரும் பொத்தான் இருக்கும். கணக்கு பறிபோனதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

மீட்ட பிறகு

இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பின்னாகப் பிறந்த ஆண்டையோ எண்ணின் கடைசி இலக்கங்களையோ வைக்காதீர்கள். பின் மறந்துபோனால் மீட்பதற்கு மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுங்கள். சிம்முக்கும் ஒரு பின் வைத்தால், கைப்பேசி தொலைந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டு ஓடிபி வாங்க முடியாது.

அடுத்த சில வாரங்களுக்கு, நீங்கள் கேட்காமலேயே ஓடிபிகள் வரக்கூடும். யாரோ உங்கள் எண்ணைத் தட்டச்சு செய்து பார்க்கிறார்கள் என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை. அந்த ஓடிபி உங்களிடமே இருக்கும்வரை அவர்களால் உள்ளே வர முடியாது. அந்த நாள்களில் வாட்ஸ்அப்பின் உதவிக் குழு என்று சொல்லிக்கொண்டு யாராவது அழைத்து, கணக்கைச் சரிபார்க்க அந்த ஓடிபியைக் கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.